அட்டவணை 16-இல் ஒற்றை வரி
பொதுத்துறை வங்கிகளின் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களே,

உங்களில் சிலரை மத்திய அரசு நியமித்திருக்கிறது. சிலர் ரிசர்வ் வங்கியின் சார்பில் வந்தவர்கள். இன்னும் சிலரை எங்களைப் போன்ற பங்குதாரர்கள் வாக்களித்து அனுப்பியிருக்கிறோம். யார் வழியாக வந்திருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை வங்கியின் கணக்கை நீங்கள் எல்லோரும் ஏற்றுக் கையெழுத்திடுகிறீர்கள். அந்தக் கணக்கில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

வங்கிகள் தங்கள் கணக்கை எந்தப் படிவத்தில் வெளியிட வேண்டும் என்பதை 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. அந்தப் படிவத்தின் 16ஆவது அட்டவணை, நடைமுறைச் செலவுகளைச் சொல்வது. ஊழியர் சம்பளத்தில் தொடங்கும். பிறகு வாடகை, வரி, விளக்கு, அச்சும் எழுதுபொருளும், விளம்பரம், தேய்மானம், இயக்குநர்களின் கட்டணமும் படியும், தணிக்கையாளர் கட்டணம். எட்டாவதாக வருவது 'லா சார்ஜஸ்', அதாவது சட்டச் செலவு. அதற்கு நேரே இந்த ஆண்டுக்கு ஒரு தொகை, போன ஆண்டுக்கு ஒரு தொகை. அதற்கு அடுத்த வரியில் தபால், தந்தி, தொலைபேசி வந்துவிடும். வங்கி ஓராண்டு முழுவதும் நடத்திய ஆயிரக்கணக்கான வழக்குகளின் செலவைப் பற்றிப் பங்குதாரருக்குக் கிடைப்பது அந்த ஒற்றை எண் மட்டும்தான்.

அதற்குள் என்னென்ன இருக்கின்றன? சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயங்களில் நடக்கும் வழக்குகள் இருக்கின்றன. திவால் சட்டத்தின் கீழ் பெரிய நிறுவனங்கள் மீது தொடுத்தவை இருக்கின்றன. ஏடிஎம்மில் பணம் வராமலே கணக்கில் கழிந்துவிட்டது என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போன வாடிக்கையாளரை எதிர்த்து வாதாட வைத்த வக்கீலின் கட்டணமும் அதில்தான். பதவி உயர்வு கிடைக்காத எழுத்தரும், ஓய்வூதியம் குறைந்துபோன மேலாளரும் உயர் நீதிமன்றத்தில் போட்ட ரிட் மனுக்களுக்கு எதிராகச் செலவானதும் அதில்தான். வராத கடனை வாங்கப் போடும் வழக்குக்கும், கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காமல் இருக்கப் போடும் மேல்முறையீட்டுக்கும் உங்கள் கணக்கில் ஒரே வரி. நான் சொல்ல வந்த குறை இதுதான்.

இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். ஸ்டேட் வங்கியில் பாதிக்கு மேல் பங்கு அரசுடையது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியில் அரசின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் அதைவிடவும் அதிகம். மிச்சப் பங்குகள் எல்ஐசி, மியூச்சுவல் ஃபண்டுகள், என்னைப் போன்ற சில்லறைப் பங்குதாரர்கள் என்று பரந்து கிடக்கின்றன. 2016-17 முதல் 2020-21 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகளைத் தூக்கி நிறுத்த மத்திய அரசு மூலதனமாகக் கொடுத்தது 3,10,997 கோடி ரூபாய். அதில் 34,997 கோடி நேரடியாக பட்ஜெட்டிலிருந்து வந்தது. மீதி 2,76,000 கோடி மறுமூலதனப் பத்திரங்கள் வழியாக வந்தது. அந்தப் பத்திரங்களுக்கு வட்டி கட்டுவதும் அரசுக் கருவூலம்தான். வங்கியின் செலவில் வரி கட்டுகிறவரின் பணம் இல்லை என்று இதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் மற்ற பல நிறுவனங்களின் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) பார்க்கிறார். வங்கிகளின் கணக்கை அவர் தணிக்கை செய்வதில்லை. அதற்கான இடம் வங்கித் தேசியமயச் சட்டங்களில் இல்லை. வங்கியின் வாரியத்தில் ஊழியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒவ்வோர் இயக்குநர் இடம் சட்டப்படி உண்டு. அவையும் பல வங்கிகளில் பல்லாண்டுகளாகக் காலியாகக் கிடந்தன. வெளியிலிருந்து பார்க்க சிஏஜி இல்லை, உள்ளிருந்து கேட்க ஊழியர் இயக்குநர் இல்லை என்றால், ஆண்டறிக்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் மட்டுமே மிஞ்சுகின்றன.

உதாரணத்துக்கு ஓய்வூதிய வழக்குகளை எடுத்துக்கொள்கிறேன். 2000ஆம் ஆண்டில் பொதுத்துறை வங்கிகள் ஆட்குறைப்புக்காக விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தன. சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். 1995ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகளில், விருப்ப ஓய்வு பெறுகிறவருக்கு ஐந்தாண்டு வரை பணிக்காலத்தைக் கூட்டிக் கணக்கிட வழி இருந்தது. திட்ட அறிவிப்பும் ஓய்வூதியம் அந்த விதிகளின்படியே கிடைக்கும் என்றது. அதை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர்களிடம், இந்தத் திட்டம் வேறு, அந்த விதி வேறு, கூடுதல் ஐந்தாண்டு உங்களுக்குக் கிடையாது என்று வங்கிகள் சொல்லின. அவர்கள் உயர் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். பல வங்கிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2009 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஊழியர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. திட்டத்தின் வாசகத்தை எழுதியவை வங்கிகள். அதில் தெளிவில்லை என்றால் அதன் பாரத்தையும் வங்கிகளே சுமக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

ஸ்டேட் வங்கியில் அதே ஆண்டின் விருப்ப ஓய்வுத் திட்டம் பற்றிய வேறொரு சிக்கல், அதாவது 15 ஆண்டு பணி முடித்தவருக்கு விகிதப்படி ஓய்வூதியம் உண்டா என்பது, 2020 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. அதிலும் ஊழியர்களே வென்றார்கள். நாற்பத்தைந்து வயதில் வங்கியை விட்டு வெளியே வந்தவருக்கு, தீர்ப்பு வரும்போது ஏறக்குறைய அறுபத்தைந்து. இடையில் காலமானவர்கள் எத்தனை பேரோ.

இந்த இரண்டு வழக்குத் தொடர்களுக்கும் வங்கிகள் செலவு செய்தது எவ்வளவு? உயர் நீதிமன்றங்களில் எவ்வளவு, டெல்லியில் மூத்த வழக்கறிஞர்களை அமர்த்தியதில் எவ்வளவு? கொடுக்க வேண்டிய ஓய்வூதியத் தொகையோடு வைத்துப் பார்த்தால் அது எத்தனை பங்கு? எந்த ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது. விடை வாரியத்தின் மேசைக்கு வந்ததா என்பதும் எங்களுக்குத் தெரியாது. வந்திருந்தால், ஏதாவது ஒரு கட்டத்தில் ஓர் இயக்குநராவது "போதும், கொடுத்துவிடலாம்" என்று சொல்லியிருப்பார் என்றே நம்ப விரும்புகிறேன்.

இப்போது தேர்தல் பத்திர வழக்குக்கு வருகிறேன். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தைச் செல்லாது என்று அறிவித்து, மார்ச் 6க்குள் அந்தப் பத்திரங்களின் விவரங்களைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கும்படி ஸ்டேட் வங்கிக்கு உத்தரவிட்டது. மார்ச் 4 அன்று ஜூன் 30 வரை அவகாசம் கேட்டு வங்கி மனுப் போட்டது. மூத்த வழக்கறிஞர் ஹரிஷ் சால்வே வங்கிக்காக வாதாடினார். மார்ச் 11 அன்று மனு தள்ளுபடியானது. மறுநாள் மாலைக்குள் விவரம் கொடு என்று நீதிமன்றம் சொன்னது, வங்கியும் கொடுத்தது. அதாவது ஜூன் கடைசி வரை ஆகும் என்று வாதாடிய வேலை, உத்தரவு வந்த மறுநாளே தொடங்கி அந்த மாதத்துக்குள் முடிந்தது.

அந்த வாதத்துக்கு வழக்கறிஞருக்குக் கொடுத்த கட்டணம் என்ன என்று தகவல் உரிமை ஆர்வலர் லோகேஷ் பத்ரா கேட்டார். அவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. அது தனிநபர் சார்ந்த தகவல் என்று சொல்லி வங்கி மறுத்துவிட்டது. யாருடைய தனிப்பட்ட விஷயம் அது? உச்ச நீதிமன்றத்தில், நாடே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வழக்கில், பொதுத்துறை வங்கி ஒன்று தன் கருவூலத்திலிருந்து கொடுத்த கட்டணம் எப்படி ஒருவரின் சொந்த விஷயம் ஆகும்? ஸ்டேட் வங்கியின் தலைவருக்கு 2022-23இல் சம்பளமாகக் கிடைத்தது சுமார் 37 லட்சம் ரூபாய் என்பதை வங்கியின் ஆண்டறிக்கையே சொல்கிறது. இயக்குநர்களாகிய நீங்கள் கூட்டத்துக்கு வந்து வாங்கும் அமர்வுக் கட்டணம் பெயரோடு அச்சாகிறது. தணிக்கையாளர்களின் பெயரும் அவர்களுக்கான மொத்தக் கட்டணமும் தெரிகின்றன. வழக்கறிஞருக்கு மட்டும் ஏன் திரை?

சிறு வழக்கறிஞர்களுக்கு இந்தத் திரை கிடையாது என்பதையும் கவனியுங்கள். தாலுகா ஊரில் வீட்டுக் கடன் கேட்டுப் போனால், வங்கியின் பேனல் வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கி வரச் சொல்வார்கள். அவர் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் பார்த்து எழுதிக் கொடுப்பதற்கு எவ்வளவு வாங்குகிறார் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொடுப்பது கடன் கேட்கிறவர்தானே. உயரத்துக்குப் போகப் போகத்தான் கட்டணம் ரகசியமாகிறது.

கடனாளி விஷயத்தில் வங்கி எவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால், மாவட்ட நீதிமன்றத்தில் மக்கள் நீதிமன்றம் கூடும் ஒரு சனிக்கிழமை போய் உட்காருங்கள். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு மேசை போட்டிருப்பார்கள். கிளை மேலாளர் கோப்பைத் திறந்து வைத்திருப்பார். எதிரே, தொழில் நொடிந்து வீட்டுக் கடனை நிறுத்திவிட்ட ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. மேலாளர் நீட்டும் தாளில் அசல், வட்டி, அபராதக் கட்டணம் என்று வந்து, அதற்குக் கீழே நோட்டீஸ் செலவு, வக்கீல் கட்டணம், உடைமை அறிவிப்பைப் பத்திரிகையில் போட்ட விளம்பரச் செலவு, மதிப்பீட்டாளர் கட்டணம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே, ரூபாய் பைசாவோடு இருக்கும். அடமானச் சொத்தை வங்கி கையகப்படுத்த வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(7) பிரிவு, வங்கி முறையாகச் செய்த செலவையெல்லாம் கடனாளியிடம் வசூலிக்க இடம் கொடுக்கிறது. அந்த மனிதர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படிப்பார். "சார், இந்த வக்கீல் ஃபீஸை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்று கேட்பார்.

அவருக்குக் கொடுக்கும் விவரத்தில் பத்தில் ஒரு பங்கை வங்கியின் உடைமையாளர்களுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இப்படி வசூலாகும் செலவு பல நேரங்களில் கடன் கணக்கிலேயே பற்றாகி நின்றுவிடுகிறது. 'லா சார்ஜஸ்' வரிக்கு வருவதில்லை. ஆகவே அந்த வரியில் இருக்கும் தொகையையும் முழுச் செலவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விஜய் மல்லையா கதை உங்களுக்குத் தெரியும். அவருடைய கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் கடனுக்காக ஸ்டேட் வங்கி தலைமையில் 13 வங்கிகள் சேர்ந்து லண்டனில் வழக்கு நடத்தின. 2018 மே மாதம் அங்குள்ள உயர் நீதிமன்றம் அவருடைய சொத்துகளை முடக்கிய உத்தரவை நீக்க மறுத்தது. 2021 ஜூலையில் அவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டார். இடையில், 2019 ஏப்ரலில், அவர் ட்விட்டரில் ஒரு கேள்வி எழுப்பினார்: என்னிடமிருந்து பணத்தை மீட்க லண்டனில் எவ்வளவு வக்கீல் கட்டணம் செலவாகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஸ்டேட் வங்கியிடம் யாரும் ஏன் கேட்கவில்லை என்று. கேட்டவர் கேட்கத் தகுதியுள்ளவர் அல்ல, ஊரைவிட்டுப் போனவர். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. அதை எங்களில் ஒருவர் கேட்பதற்குக்கூட இடமில்லாமல், கடனை ஏமாற்றியவர் கேட்கும்படி விட்டதுதான் எனக்கு வலிக்கிறது.

அந்த வழக்கிலேயே இன்னொரு காட்சியும் உண்டு. 2018 ஜூனில் லண்டன் நீதிமன்றம், வங்கிகளின் வழக்குச் செலவுக்காகக் குறைந்தது 2 லட்சம் பவுண்டு கொடுக்கும்படி மல்லையாவுக்கு உத்தரவிட்டது. ஆங்கிலேய நீதிமன்றங்களில் தோற்றவர் வென்றவரின் செலவைக் கொடுப்பது வழக்கம். அதனால் யார் எவ்வளவு செலவு செய்தார்கள் என்பது நீதிபதி முன்னால் கணக்காக வந்து, கூடுதலா குறைவா என்று வாதிக்கப்படும். நம் வங்கியின் வழக்குச் செலவைப் பற்றி லண்டன் நீதிபதிக்குத் தெரிய வந்தது, மும்பையில் பங்கு வைத்திருக்கிறவருக்குத் தெரிவதில்லை. மல்லையாவின் சொத்துகளிலிருந்து 14,131.60 கோடி ரூபாய் வங்கிகளுக்குத் திரும்பக் கிடைத்ததாக 2024 டிசம்பரில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். நல்ல செய்தி. அதை ஈட்ட ஆன செலவையும் சேர்த்துச் சொன்னால் அது இன்னும் நல்ல செய்தியாகவே இருக்கக்கூடும். மறைப்பானேன்?

உங்கள் சட்டப் பிரிவு அதிகாரிகள் என்ன பதில் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். வணிக ரகசியம் என்பார்கள். தனியார் வங்கிகள் சொல்வதில்லையே என்பார்கள். தனியார் வங்கிகளுக்கு நாடு மூன்று லட்சம் கோடி ரூபாய் கொடுக்கவில்லை. வழக்கு நடக்கும்போது செலவைச் சொன்னால் எதிராளிக்கு நம் பலம் தெரிந்துவிடும் என்ற கவலையில் நியாயம் உண்டு. முடிந்த வழக்குகளுக்கு மட்டும் சொல்லுங்கள், போதும். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம் என்றால், அது அவர்கள் பேசிக்கொண்ட ஆலோசனைக்கு உரியது. கொடுத்த தொகை ஆலோசனை ஆகாது. மத்திய அரசே தன் வழக்குச் செலவை நாடாளுமன்றத்தில் ஆண்டுவாரியாகச் சொல்கிறது. 2023-24இல் அது 66 கோடி ரூபாய் என்று சட்ட அமைச்சகம் தெரிவித்தது. அரசாங்கத்தால் சொல்ல முடிகிறதை அரசு வங்கியால் ஏன் சொல்ல முடியாது?

நீதிமன்றங்களும் இந்தத் திசையில்தான் பேசியிருக்கின்றன. 2015 டிசம்பரில், வங்கிகள் பற்றிய ஆய்வறிக்கைகளை ரிசர்வ் வங்கி மறைக்கக் கூடாது, வங்கிகளுக்கும் அதற்கும் இடையே அப்படியொரு நம்பிக்கைப் பொறுப்பு உறவு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் விளைவைத் தடுக்கப் பொதுத்துறை வங்கிகளும் மீண்டும் நீதிமன்றப் படி ஏறின. தகவலை மறைப்பதற்கான அந்த வழக்குகளின் கட்டணமும் அதே எட்டாவது வரியில்தான் போய்ச் சேர்ந்திருக்கும். இதற்கிடையில், 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவலுக்கு விலக்குத் தரும், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவை இன்னும் இறுக்கிவிட்டது. பொது நலன் பெரிது என்றால் எந்த விலக்கையும் மீறித் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்த மனம் வேண்டும்.

ஒரு பொதுத்துறை வங்கியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், முன்பதிவு செய்து, காணொலியில் எனக்குக் கொடுத்த சில நிமிடங்களில் இதைக் கேட்டேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் ஈவுத்தொகைக்கு நன்றி சொன்னார்கள்; ஆண்டறிக்கையின் அச்சு அழகாக இருப்பதாகப் பாராட்டினார்கள். 'லா சார்ஜஸ்' தொகையில் கடன் மீட்புக்கு எவ்வளவு, ஊழியர்களையும் ஓய்வூதியர்களையும் எதிர்த்து எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, தனியே மின்னஞ்சலில் பதில் வரும் என்றார்கள். வந்த மின்னஞ்சல், ஆண்டறிக்கையின் 16ஆவது அட்டவணையைப் பார்க்கச் சொன்னது.

ஆகவே உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், நாடாளுமன்றம் வேண்டாம். படிவத்தில் உள்ளதற்கு மேல் விவரம் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை. கணக்குகளுக்கான குறிப்புகளில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். கடன் மீட்புக்கு ஆனது, வாடிக்கையாளர் புகார்களை எதிர்த்து ஆனது, பணியாளர்களையும் ஓய்வூதியர்களையும் எதிர்த்து ஆனது, தகவல் ஆணைய உத்தரவுகளை எதிர்த்து ஆனது என்று அந்த ஒற்றை வரியைப் பிரித்துப் போடுங்கள். கடனாளியிடம் வசூலித்த வழக்குச் செலவைத் தனியே காட்டுங்கள். பேனல் கட்டண விகிதத்தை இணையதளத்தில் போடுங்கள்; அதற்கு மேல் கொடுத்து மூத்த வழக்கறிஞரை அமர்த்தினால், வழக்கு முடிந்ததும் பெயரையும் தொகையையும் சொல்லுங்கள். பணியாளர் வழக்குகளில் எத்தனை வென்றோம், எத்தனை தோற்றோம் என்பதையும் கூடவே போடுங்கள். ஓய்வூதியர் ஒருவருக்கு எதிராக மேல்முறையீட்டுக்குப் போகும் முன், கொடுக்க வேண்டிய தொகையையும் வழக்குக்கு ஆகும் தொகையையும் அருகருகே எழுதி வாரியத்தின் முன் வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

மற்ற இயக்குநர்களைவிட, எங்கள் வாக்கில் வந்த இயக்குநர்களிடம் இதைச் சற்று உரிமையோடு கேட்கிறேன். அரசின் பிரதிநிதிக்கு அரசின் சொல் இருக்கும், ரிசர்வ் வங்கியின் பிரதிநிதிக்கு அதன் சொல் இருக்கும். எங்கள் சொல்லாக அங்கே இருப்பது நீங்கள் மட்டும்தான். ஆண்டுக் கணக்கு ஏப்ரல், மே மாதங்களில் வாரியத்தின் முன் வரும். 16ஆவது அட்டவணையின் எட்டாவது வரிக்கு வரும்போது பக்கத்தைப் புரட்டாமல், அதன் விவரத்தைக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால், கேட்டதாகவும் கொடுக்கவில்லை என்பதாகவும் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேமிப்புக் கணக்கும் சில பங்குகளும் வைத்திருக்கும் ஒருவர்